கூரையை நனைத்தவர்கள்

அன்புள்ள ஐயா,

குடிமைப்பணித் தேர்வுக்குப் படித்துவருகிறேன். இது மூன்றாவது முறை. உலக வரலாற்றில் ஒரு சந்தேகம். 1930களில் ‘ஐரோப்பாவின் சண்டை எங்களுக்கு வேண்டாம்’ என்று ஒதுங்கி நின்ற அமெரிக்கா, 1941இல் பிரிட்டனுக்கு ஆயுதங்களை அள்ளிக் கொடுத்தது. இந்த மாற்றம் எப்படி வந்தது? எங்கள் பயிற்சி மையக் குறிப்பில் நான்கு காரணங்கள் கொடுத்திருக்கிறார்கள். முதல் காரணம், ஜப்பான் தாக்கிய அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர். யூடியூபில் ஒருவர், அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் தோட்டத்துக் குழாயை உதாரணம் காட்டி ஓர் உரை ஆற்றினார், ஒரே இரவில் நாடே மனம் மாறிவிட்டது என்கிறார். எது சரி? பேர்ல் ஹார்பர் தாக்குதல் ரூஸ்வெல்ட்டுக்கு முன்பே தெரியும் என்பது உண்மையா? நமது அணிசேராக் கொள்கையும் இதுவும் ஒன்றா?

இன்னொன்று. என் அப்பா எதற்கெடுத்தாலும் ‘நமக்கெதுக்கு வம்பு’ என்பார். பக்கத்து வீட்டில் அடிதடி என்றால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். அந்தக் கால அமெரிக்கர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பா ஞாபகம்தான் வருகிறது. கோழைத்தனத்துக்குக் கொள்கை என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள்.

ம.

*

அன்புள்ள ம.,

தேர்வுக் கேள்விகளுக்கு நான் பதில் எழுதுவதில்லை. எழுதினால் அதை அப்படியே விடைத்தாளில் இறக்கிவிட்டு, மதிப்பெண் வரவில்லை என்று என்னையே திட்டுகிறார்கள். உங்கள் கடிதத்தையும் ஒதுக்கித்தான் வைத்திருந்தேன். ஆனால் உங்கள் அப்பா சாத்துகிற அந்த ஜன்னல் மூன்று வாரமாக என்னை விடவில்லை. போன மாதம் ஊரில் எங்கள் பழைய வீட்டை விற்றோம். பத்திரப்பதிவுக்குப் போன இடத்தில் அண்ணனும் அத்தையும் ஒரு பழைய சண்டையைக் கிளப்பினார்கள். அதே விஷயம்தான். அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் சில்லறையைத் தீர்த்துவிடலாம். ஜப்பான் எங்கோ தாக்கப்போகிறது என்பதை 1941 நவம்பரில் வாஷிங்டனில் பலரும் எதிர்பார்த்தார்கள். பேர்ல் ஹார்பரில்தான் என்று தெரிந்தும் ரூஸ்வெல்ட் கப்பல்களைப் பலிகொடுத்தார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. எண்பது வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், தேடட்டும். அணிசேராக் கொள்கையும் இதுவும் ஒன்றா என்றால், இல்லை.

பேர்ல் ஹார்பரை முதல் காரணமாகப் போட்ட மையத்திடம் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பிரிட்டனுக்கு ஆயுதம் கொடுக்க வழிசெய்த சட்டத்தில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டது 1941 மார்ச் 11 அன்று. பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது அந்த வருஷம் டிசம்பர் 7 அன்று. பேரனுக்குக் காது குத்திவிட்டுத் தாத்தாவுக்குப் பெண் பார்க்கப் போன கதையாக இருக்கிறது. பேர்ல் ஹார்பர் அமெரிக்காவைப் போரில் இறக்கியது. உதவுவது வேறு, இறங்குவது வேறு. நீங்கள் கேட்டது உதவியைப் பற்றி. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு இன்னொன்றுக்கான பதிலை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறீர்கள், அதுவும் மூன்றாவது முறையாக. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள்மேல் அக்கறை இல்லாவிட்டால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்த யூடியூப்காரர் சொல்கிற உரையும் உரை இல்லை. 1940 டிசம்பர் 17 அன்று பத்திரிகையாளர்கள் மேசையைச் சுற்றி நிற்க, ரூஸ்வெல்ட் பேச்சுவாக்கில் சொன்ன உதாரணம் அது. பக்கத்து வீடு தீப்பிடித்து எரிகிறது. என்னிடம் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் இருக்கிறது. ‘இதன் விலை பதினைந்து டாலர், எடுத்து வை’ என்றா கேட்பேன்? பதினைந்து டாலர் எனக்கு வேண்டாம், தீ அணைந்த பிறகு என் குழாய் திரும்பி வந்தால் போதும். இவ்வளவுதான். வானொலியில் நாட்டு மக்களோடு பேசியது பன்னிரண்டு நாள் கழித்து, டிசம்பர் 29இல். ஜனநாயகத்தின் ஆயுதக்கிடங்காக நாம் இருக்க வேண்டும் என்றார். அன்றிரவு லண்டன் நகரம் குண்டுவீச்சில் பற்றியெரிந்துகொண்டிருந்தது. ஆனால் அதற்குப் பிறகும் நாடு மாறிவிடவில்லை. சட்டத்தை நிறைவேற்ற இரண்டு மாதத்துக்கு மேல் நாடாளுமன்றத்தில் சண்டை. பிரதிநிதிகள் சபையில் எதிர்த்து 165 வாக்குகள் விழுந்தன, செனட்டில் 31. ஒரே இரவில் மாறிய நாட்டில் இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள்?

இந்த 165 பேரும் 31 பேரும், அவர்களுக்கு ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களும் யார் என்பதை நீங்கள் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. கோழைகள் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்கள்.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குத் தெற்கே. அப்போது தெருவில் எல்லாமே கீற்று வேய்ந்த வீடுகள்தான், ஒரேயொரு ஓட்டு வீட்டைத் தவிர. எனக்கு ஏழு வயது. சித்திரை மாத மத்தியானம். கீழண்டையில் இரண்டு வீடு தள்ளி அடுப்பங்கரையில் பிடித்த தீ கூரைக்கு ஏறிவிட்டது. கீற்று எரிந்து பார்த்திருக்கிறீர்களா? மெதுவாக எரிகிற சமாசாரம் இல்லை. கருகின கீற்றுத் துணுக்குகள் நெருப்போடு காக்காய்க் கூட்டம் மாதிரி எழும்பிப் பறந்து அடுத்த கூரையில் உட்காரும். தெருவே கத்திக்கொண்டு ஓடுகிறது. எங்கள் தாத்தா ஓடவில்லை. ஏணியைச் சாத்தி எங்கள் கூரைமேல் ஏறிவிட்டார். சாக்குகளை நனைத்துக் கொடுக்கச் சொல்லி வாங்கிக் கூரைமேல் பரப்பிக்கொண்டிருந்தார். பறந்துவந்து விழுகிற நெருப்பை மட்டையால் அடித்தார். பக்கத்தில் அந்த வீடு எரிகிறது, ஆட்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் மட்டுமில்லை, பாதித் தெரு தன் தன் கூரைமேல் நின்றது.

வீட்டில் ஒரே ஒரு வாளிதான் தாம்புக் கயிற்றோடு கிணற்றில் கிடக்கும். மற்றதெல்லாம் குடமும் தவலையும். பாட்டி இறைத்து ஊற்ற ஊற்ற அம்மா சாக்கை நனைத்து மேலே வீசிக்கொண்டிருந்தாள். நடுவில் என்ன தோன்றியதோ, பாட்டி கயிற்றைச் சகடையிலிருந்து உருவி, வாளியும் கயிறுமாகத் தூக்கிக்கொண்டு எரிகிற வீட்டுப் பக்கம் ஓடிவிட்டாள். அந்த வீட்டுக் கிணற்றில் வாளி அறுந்து உள்ளே போயிருந்தது. கூரைமேலிருந்து தாத்தா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. “அடியே, வாளிய எங்கடி கொண்டுபோற? இங்க பத்திக்கிட்டா என்னத்த ஊத்துவே?”

அந்த வீட்டில் பாதி எரிந்தது. நடுவில் இருந்த வீட்டுக் கூரையைத் துறட்டி போட்டு இழுத்துத் தள்ளினார்கள். எங்கள் வீடு தப்பியது. தாத்தா கூரையை நனைத்ததால் தப்பியதா, பாட்டி கொண்டுபோன வாளியால் அங்கேயே தீ அடங்கியதால் தப்பியதா என்பதுதான் பத்திரப்பதிவு அலுவலக வாசலில் அண்ணனும் அத்தையும் போட்ட சண்டை. ஐம்பது வருஷத்துக்கு மேலாகத் தீராத வழக்கு. அண்ணன் தாத்தா கட்சி.

இனி அமெரிக்காவுக்கு வாருங்கள்.

1917 ஏப்ரலில், முதல் உலகப் போருக்கு, அவர்கள் ஒரு தடவை வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பத்தொன்பது மாதத்தில் 1,16,000 பேருக்கு மேல் செத்தார்கள். உலகத்தில் இனிப் போரே வராது, ஜனநாயகம் பிழைக்கும் என்று சொல்லித்தான் அன்றைய அதிபர் வில்சன் அனுப்பினார். வெர்சாய் ஒப்பந்தத்தில் என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும், வென்றவர்கள் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள். கொடுத்த கடன் வந்ததா என்றால் அதுவும் இல்லை. பொருளாதார மந்தத்தில் ஒவ்வொரு நாடாகக் கையை விரித்தது. 1934இல் பிரிட்டனே தவணையை நிறுத்திவிட்டது. ஒழுங்காகக் கட்டிவந்தது பின்லாந்து என்கிற சின்ன நாடு. பாவம். போருக்குப் போய் வந்தவர்களுக்கு 1945இல் தருவதாகச் சொன்ன ஊக்கத்தொகையை, வேலையில்லாமல் பட்டினி கிடந்த அவர்கள் 1932இல் முன்கூட்டியே கேட்டு வாஷிங்டனில் குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். சொந்த நாட்டு ராணுவத்தை அனுப்பித்தான் விரட்டினார்கள். விரட்டிய படைக்குத் தலைமை தாங்கியவர் மெக்ஆர்தர். குடிசைகள் எரிந்தன.

இதையெல்லாம் பார்த்த ஒரு தகப்பன் 1935இல் என்ன சொல்லியிருப்பான்? ‘நமக்கெதுக்கு வம்பு’ என்றுதான்.

வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த ஜெரால்டு நை என்ற செனட்டர் தலைமையில் 1934இல் ஒரு விசாரணைக் குழு உட்கார்ந்தது. வெடிமருந்து விற்ற டூபாண்ட் குடும்பத்துச் சகோதரர்கள் முதல் வங்கி முதலாளி மார்கன் வரை கூப்பிட்டு வைத்துக் கேள்வி கேட்டது. போரில் யார் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்ற கணக்கு வெளியே வந்தது. கொடுத்த கடனைக் காப்பாற்றத்தான் நம் பையன்களைக் கொண்டுபோய்க் கொன்றார்கள் என்று பாதி நாடு நம்பியது. முழு உண்மை இல்லை, முழுப் பொய்யும் இல்லை. அந்தச் சூட்டில்தான் 1935, 36, 37இல் நடுநிலைச் சட்டங்கள் வரிசையாக வந்தன. போரிடும் நாட்டுக்கு ஆயுதம் விற்காதே, கடன் கொடுக்காதே, உன் ஆட்கள் அவர்கள் கப்பலில் போகக் கூடாது. ஆயுதம் இல்லாத மற்றச் சரக்கு வேண்டுமானால் காசைக் கையில் வைத்துவிட்டு உன் கப்பலில் ஏற்றிக்கொண்டு போ.

இன்னொன்றும் சொல்கிறேன், இது குறிப்புகளில் இருக்காது. நாட்டை யாராவது நேரடியாகத் தாக்கினாலொழிய, மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தாமல் போர் அறிவிக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தையே திருத்தப் பார்த்தார் இண்டியானாவைச் சேர்ந்த லட்லோ என்ற உறுப்பினர். 1938 ஜனவரியில் அதை விவாதத்துக்கு எடுக்கலாமா என்று வாக்கெடுத்தபோது 209க்கு 188 என்ற கணக்கில் தோற்றது. பத்துப் பன்னிரண்டு பேர் மாறிப்போட்டிருந்தால் கதை வேறு. சாகப்போகிறவனிடம் ஒரு வார்த்தை கேள் என்பது கோழைத்தனமா? நம்மிடம் யாராவது கேட்டார்களா? 1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியா போரில் இருக்கிறது என்று அறிவித்தார். இங்கே ஒருவரையும் கலந்துகொள்ளவில்லை. காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்தன, சென்னையில் ராஜாஜி மந்திரிசபையும்தான். இருபத்தைந்து லட்சம் இந்தியர்கள் அந்தப் போரில் படையில் இருந்தார்கள். அமெரிக்கன் இரண்டு வருஷம் தெருத்தெருவாகக் கத்தி விவாதித்த பிறகு எடுத்த முடிவை, நமக்கு வேறொருவன் ஒரு நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டான். அவர்களைக் கோழை என்று சொல்ல நமக்கு என்ன யோக்யதை என்று எனக்குப் புரியவில்லை.

சரி, கோபத்தில் எங்கேயோ போகிறேன். மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நானும் அண்ணன் மாதிரி ஒரு கட்சியாகிவிடுவேன். கூரையை நனைப்பதற்கும் ஒரு விலை உண்டு. 1939இல் செயின்ட் லூயிஸ் என்ற கப்பலில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து தப்பிய யூதர்கள், கியூபாவில் இறங்க முடியாமல் புளோரிடாக் கரையோரம் வந்து நின்றார்கள். மயாமி விளக்குகள் கண்ணுக்குத் தெரிந்தன. இறங்க விடவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது, அவர்களில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் பிறகு நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். 1940 செப்டம்பரில் தொடங்கிய ‘அமெரிக்கா முதலில்’ என்ற அமைப்பில் பையனைப் பறிகொடுத்த தாய்களும் இருந்தார்கள், யூதன் என்றாலே முகத்தைச் சுளிப்பவர்களும் இருந்தார்கள். அதன் நட்சத்திரப் பேச்சாளர் விமானி லிண்ட்பெர்க் 1941 செப்டம்பரில் டெமாயின் நகரத்தில், நாட்டைப் போருக்குத் தள்ளுகிறவர்கள் பிரிட்டிஷாரும் யூதர்களும் ரூஸ்வெல்ட் அரசும் என்று பெயர் சொல்லிப் பேசினார். அதோடு அந்த அமைப்பின் மரியாதை போய்விட்டது. எங்கள் தாத்தாவின் மௌனத்திலும் கொஞ்சம் பழைய வரப்புத் தகராறு இருந்தது என்று அத்தை சொல்கிறாள். இருக்கலாம்.

உங்கள் அசல் கேள்வி, எப்படி மாறினார்கள் என்பது. மாறவில்லை என்பதுதான் என் கட்சி. ‘நாம் போருக்குப் போகக் கூடாது’, ‘ஹிட்லர் ஜெயிக்கக் கூடாது’ என்ற இரண்டு ஆசையும் ஒரே மனசில் கடைசிவரை சேர்ந்தே இருந்தன. 1940 மே மாதம் வரை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடிந்தது, ஏனென்றால் நடுவில் பிரான்ஸ் என்று ஒரு வீடு இருந்தது. ஜூனில் அது விழுந்தது. அதற்குப் பிறகு எரிகிற வீட்டுக்கும் தங்கள் வீட்டுக்கும் நடுவில் பிரிட்டிஷ் கடற்படை மட்டும்தான் மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். மனம் அதேதான். தூரம் குறைந்துவிட்டது.

இதிலும் எங்கள் வீட்டுச் சண்டை அப்படியே நடந்தது. 1940 மே 15 அன்று, பிரிட்டிஷ் பிரதமராகி ஐந்தே நாளான சர்ச்சில் பழைய நாசகாரிக் கப்பல்கள் நாற்பது ஐம்பது கொடுங்கள் என்று ரூஸ்வெல்ட்டுக்குத் தந்தி அடித்தார். பிரான்ஸின் டன்கர்க் கடற்கரையில் ஆயுதத்தையெல்லாம் விட்டுவிட்டு ஓடிவந்திருந்த பிரிட்டிஷ் படைக்கு, முதல் போரில் மிஞ்சிய துப்பாக்கிகள் ஐந்து லட்சத்தை அமெரிக்கா அனுப்பியது. போர்த்துறைச் செயலர் வுட்ரிங், நம்மிடமே படை இல்லை, இதையும் கொடுத்துவிட்டு எதைப் பிடிப்பது என்றார். கூரைமேல் நின்று கத்திய குரல் அது. ரூஸ்வெல்ட் அவரை அனுப்பிவிட்டு, எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியிலிருந்து ஸ்டிம்சனைக் கூட்டிவந்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். ராணுவத் தலைமைத் தளபதி மார்ஷல், இது நாட்டின் பாதுகாப்புக்குத் தேவையில்லாதது என்று கையெழுத்துப் போட்டால்தான் ராணுவத் தளவாடம் எதையும் வெளியே கொடுக்கலாம் என்று நாடாளுமன்றம் ஜூன் கடைசியில் விதி போட்டது. அந்தச் சான்றிதழில் அவர் எவ்வளவு சங்கடத்தோடு கையெழுத்துப் போட்டிருப்பார் என்று பாட்டியின் வாளியைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

கப்பல்களுக்கான ஒப்பந்தம் செப்டம்பர் 2 அன்று முடிந்தது. ஐம்பது. சும்மா இல்லை. நியூஃபவுண்ட்லாந்து, பெர்முடா, ஜமைக்கா, டிரினிடாட் என்று எட்டு இடங்களில் தளம் அமைத்துக்கொள்ள 99 வருஷ உரிமை. எங்கள் தெருவில் பாதாளக்கரண்டி ஒரு வீட்டில்தான் இருந்தது. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க அதை வாங்கப் போனால், ஒரு பித்தளைச் செம்பை வைத்துவிட்டுத்தான் எடுத்துப்போக வேண்டும். திருப்பிக் கொடுத்தால் செம்பு வரும். இங்கே செம்பு 99 வருஷத்துக்குப் போயிற்று, வந்ததோ துருப்பிடித்த கரண்டி. பல கப்பல்களைப் பழுதுபார்த்த பிறகுதான் கடலில் இறக்க முடிந்தது. இருந்தாலும் அன்றைக்குச் சர்ச்சிலுக்கு வேறு வீடு கிடையாது.

அந்த வருஷக் கடைசியில் பிரிட்டனிடம் டாலர் தீர்ந்துகொண்டிருந்தது. 1939 நவம்பரில் திருத்திய நடுநிலைச் சட்டப்படி ஆயுதம் வாங்கலாம், ஆனால் ரொக்கம். அமெரிக்க அதிபர் தேர்தல் முடியட்டும் என்று காத்திருந்து, டிசம்பரில் சர்ச்சில் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். கரீபியன் கடலில் கப்பலில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த ரூஸ்வெல்ட் அதைப் படித்தார். திரும்பி வந்து சொன்னதுதான் குழாய்க் கதை. அதில் எல்லோரும் தீயைப் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது பதினைந்து டாலரை. விற்றால் வாங்கப் பணமில்லை. கடன் கொடுத்தால் போன போர்க் கடன் ஞாபகம் வரும், தவிர கட்டாத நாட்டுக்குக் கடனே கொடுக்கக் கூடாது என்று 1934இலிருந்து சட்டம். தானம் என்றால் எவனும் ஓட்டுப் போட மாட்டான். இந்த மூன்றுக்கும் நடுவில் அவர் கண்டுபிடித்ததற்குத் தமிழில் ஒரு அழகான சொல் இருக்கிறது: இரவல். பணம் என்றால் கடன், நாலு நாளில் திருப்புவது என்றால் கைமாற்று, பொருள் என்றால் இரவல். ஏணி, அம்மி, கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள அட்டிகை. நம் பாடநூல்களில் இதைக் ‘கடன்-குத்தகை’ என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். கடன் என்ற சொல்லை ஒழிப்பதற்காகவே அந்த மனிதன் இவ்வளவு பாடுபட்டிருக்கிறான், அதையே கொண்டுபோய் முன்னால் ஒட்டினால் என்ன அர்த்தம்? குத்தகையாம் குத்தகை. இரவல் சட்டம் என்று எழுதினால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும். பத்து வருஷமாக இதைக் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன்.

எதிர்த்தவர்களும் விவரமானவர்கள்தான். ஒஹையோ செனட்டர் டாஃப்ட், போர்த்தளவாடத்தை இரவல் கொடுப்பது சூயிங்கம்மை இரவல் கொடுப்பது மாதிரி, திரும்பி வந்தாலும் யாருக்கு வேண்டும் என்று கேட்டார். அது உண்மை. நம் வீடுகளிலும் ஏணி ஏணியாகத் திரும்பும், ஒரு டம்ளர் சர்க்கரை சர்க்கரையாகத் திரும்புமா? மான்டானா செனட்டர் வீலர் இன்னும் கடுமையாகப் போனார். விலை ஏற வேண்டும் என்பதற்காக நின்ற பயிரை உழவர்களை விட்டே உழுது அழிக்கச் செய்தது ரூஸ்வெல்ட் அரசு, இந்தச் சட்டம் நாலில் ஒரு அமெரிக்கப் பையனை அப்படி உழுது புதைக்கும் என்றார். ரூஸ்வெல்ட் கொதித்துப்போனார். ஆனாலும் அந்த வாக்கியத்தைக் கேட்ட தாய்க்கு எப்படி இருந்திருக்கும்? மசோதாவுக்கு 1776 என்று எண் வேறு. பிரிட்டனிடமிருந்து பிரிந்த வருஷத்தின் எண்ணைப் போட்டு பிரிட்டனைக் காப்பாற்றும் சட்டம். அரசியல்வாதிகளுக்கு இப்படிப்பட்ட குறும்பு எந்த நாட்டிலும் குறைவில்லை.

அதன் பிறகும் அவர்கள் கூரையைவிட்டு இறங்கவில்லை. 1941 ஆகஸ்டில் கட்டாய ராணுவ சேவையை நீட்டிக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 203க்கு 202 என்று ஒரே ஓட்டில் பிழைத்தது. அக்டோபர் 31 அன்று ரூபன் ஜேம்ஸ் என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்துச் சுமார் நூறு பேர் செத்தார்கள். அப்போதும் போர் அறிவிப்பு இல்லை. ஜப்பான் அடித்த பிறகும் ஜெர்மனிமேல் இவர்கள் முதலில் போர் அறிவிக்கவில்லை, டிசம்பர் 11 அன்று ஹிட்லர்தான் அறிவித்தான். ஜப்பான்மீதான போருக்கு எதிராக விழுந்த ஒரே ஓட்டு ஜெனட் ராங்கின் என்ற பெண்மணியுடையது. 1917லும் எதிர்த்து ஓட்டுப் போட்டவர். கூட்டம் துரத்தியதில் தொலைபேசிக் கூண்டுக்குள் ஒளிந்து நின்றார். அவருக்கு எதிராக 388 பேர் நின்ற சபையில் எழுந்து ‘இல்லை’ என்று சொன்னவரைக் கோழை என்பீர்களா? அவர் சொன்னது தப்பு என்றே நினைக்கிறேன். அது வேறு விஷயம்.

கடைசியில் போன சரக்கின் மதிப்பு ஏறக்குறைய 5,000 கோடி டாலர். பிரிட்டனுக்கு 3,100 கோடி, சோவியத்துக்கு 1,100 கோடி, மீதி மற்றவர்களுக்கு. டாங்கி, விமானம், டப்பாவில் அடைத்த பன்றிக்கறி, முட்டைப்பொடி, லட்சக்கணக்கில் லாரிகள். எரிந்ததும் தின்றதும் போனதற்குக் காசு கேட்கவில்லை. ஆனால் 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த கையோடு புதிய அதிபர் ட்ரூமன் இரவலைச் சட்டென்று நிறுத்திவிட்டார். ஓட்டாண்டியாக நின்ற பிரிட்டன், பொருளாதார அறிஞர் கீன்ஸை அனுப்பி 375 கோடி டாலர் கடன் வாங்கியது. இரண்டு சதவீத வட்டி, ஐம்பது தவணை. இடையில் ஆறு வருஷம் தவணையைத் தள்ளிப்போட்டு, கடைசித் தவணையைக் கட்டியது 2006 டிசம்பர் 29 அன்று. போர் முடிந்து பிறந்த குழந்தை பணிஓய்வு பெறுகிற வயதில். அதே பிரிட்டன் அன்று இந்தியாவுக்குத் தரவேண்டிய பாக்கி 130 கோடி பவுனுக்கு மேல் இருந்தது, நம் ஊர்ப் பஞ்சக் காலத்து அரிசிக்கும் துணிக்கும் கணக்காக. சர்ச்சிலுக்கு அதைக் கொடுக்கவே மனமில்லை. இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இப்போது வேண்டாம், ரத்த அழுத்தம் ஏறுகிறது.

எங்கள் வாளி உத்தரம் விழுந்து நசுங்கிவிட்டது. எட்டாம் நாளோ பத்தாம் நாளோ அந்த வீட்டு ஆயா புது வாளி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து திண்ணையில் வைத்தாள். பாட்டி அதைத் தொடவில்லை. “எனக்கு என் வாளிதான் வேணும், இது யாரு வாளியோ” என்றாள். இரண்டு பேரும் அழுதார்கள். ஏன் ஓடினாய் என்று பின்னால் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். “நாலு மரக்கா நெல்லு பாக்கி வச்சிருந்தா. வீடு எரிஞ்சு போனா எனக்கு யாரு தருவா?” என்பாள். செனட்டர் நை கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். அந்த நெல் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. தாத்தா அந்த வீட்டுப் பக்கம் போவதை அதோடு நிறுத்திவிட்டார், அவர்களும் அவரோடு பேசவில்லை. ஆனால் கூரை மாற்ற அவர்களுக்குக் கீற்று எங்கள் கொல்லையிலிருந்துதான் போனது. யார் வெட்டிக் கொடுத்தது என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

உங்கள் அப்பாவிடம் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து கேளுங்கள். முன்பு எப்போதாவது, எந்தத் தெருவிலாவது, ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாரா, இறங்கி ஓடினாரா, என்ன ஆயிற்று என்று. தேர்வு முடிந்த பிறகு கேட்டால் போதும். விடைத்தாளில் அந்த நான்கு காரணங்களையே எழுதுங்கள். பேர்ல் ஹார்பரை மட்டும் நான்காவதாகப் போட்டு, பக்கத்தில் தேதியையும் எழுதுங்கள்.